சூலும் சுமையும்

கருவுற்ற பெண் வேலைக்குப் போகலாமா என்ற கேள்விக்கு, உடல்நலம் சீராக இருக்கும் வரை போகலாம் என்று மருத்துவ உலகம் எப்போதோ விடை சொல்லிவிட்டது. ஆனால் எந்த வேலையை, எவ்வளவு சுமையோடு, எத்தனை மணி நேரம் நின்றபடி, எந்த வெயிலில், எவ்வளவு உணவு உண்டுவிட்டு அவர் செய்கிறார் என்ற அடுத்த கேள்வியைச் சட்டம் அரைகுறையாகவே கேட்கிறது. குடும்பங்கள் பெரும்பாலும் கேட்பதே இல்லை. கட்டட வேலையில் கலவைச் சட்டி சுமக்கும் சித்தாள், சேற்றில் குனிந்து நாற்று நடும் கூலிப்பெண், சூளையில் பச்சைக்கல் அடுக்குபவர், உப்பளத்தில் உப்பு வாரிச் சுமப்பவர், ஜவுளிக்கடையில் காலை முதல் இரவு வரை நிற்கும் விற்பனைப் பெண் ஆகியோர் செய்யும் வேலைக்கும் அவர்கள் வயிற்றில் வளரும் கருவுக்கும் உள்ள தொடர்பு குறித்து நூற்று முப்பது ஆண்டுகளாகச் சான்றுகள் சேர்ந்து வந்திருக்கின்றன. அவற்றைத் திரட்டிப் பார்த்தால், இன்று நடைமுறையில் இருக்கும் பேறுகாலப் பாதுகாப்பு காலம் கடந்து வருகிறது என்பதும், அது மிகவும் தேவைப்படும் பெண்களுக்கே கிடைப்பதில்லை என்பதும் புலப்படும்.

கரு 37 வாரம் நிறைவதற்கு முன் பிறந்தால் அது குறைமாதப் பிறப்பு. பிறக்கும்போது எடை 2,500 கிராமுக்குக் கீழ் இருந்தால் அது எடைக்குறைவு. மாதம் நிறைந்து பிறந்தும் அந்த வாரத்துக்குரிய எடையை எட்டாத குழந்தைகளும் உண்டு. ஒரே வாரத்தில் பிறந்த நூறு குழந்தைகளை எடை வரிசையில் வைத்தால் கடைசிப் பத்துக்குள் வரும் இவர்களைக் கருவளர்ச்சி குன்றியவர்கள் என்று மருத்துவர்கள் வகைப்படுத்துகின்றனர். 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறக்குறைய 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தனர். அவர்களில் 30 லட்சம் பேர், அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், இந்தியக் குழந்தைகள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் எடை பார்க்கப்பட்ட பச்சிளம் குழந்தைகளில் ஏறக்குறைய 18 விழுக்காட்டினர் இரண்டரை கிலோவுக்குக் குறைவாக இருந்தனர். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் இறப்புக்கு முதன்மைக் காரணமாகக் குறைமாதப் பிறப்பின் சிக்கல்கள் இருக்கின்றன. எடைக்குறைவாகப் பிறந்து பிழைத்து வளர்பவர்களுக்கும் நடுவயதில் நீரிழிவும் இதயநோயும் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதைப் பிரிட்டன் மருத்துவர் டேவிட் பார்க்கர் முன்னின்று நடத்திய ஆய்வுகள் உணர்த்தின. ஆகவே ஒரு சித்தாளின் தலைச்சுமையைப் பற்றிய கேள்வி, அறுபது ஆண்டுகளுக்குப் பிந்தைய ஒரு நோயாளியைப் பற்றிய கேள்வியும் ஆகும்.

பாரிஸ் விடுதியில் கண்ட வேறுபாடு

இந்த விவாதத்துக்கு முதல் எடைக்கணக்கைத் தந்தவர் பிரெஞ்சு மகப்பேறு மருத்துவர் அடோல்ஃப் பினார். பாரிஸில் வீடற்ற, வறிய கர்ப்பிணிகளுக்காகத் தொடங்கப்பட்ட விடுதிகளில் பிரசவத்துக்கு முன் சில நாள்களாவது தங்கி ஓய்வெடுத்த பெண்களின் குழந்தைகளையும், வலி எடுக்கும் நாள் வரை நின்று உழைத்த பெண்களின் குழந்தைகளையும் அவர் ஒப்பிட்டார். ஓய்வெடுத்தவர்களின் குழந்தைகள் சராசரியாகக் கால் கிலோவுக்கும் சற்று மேல் கூடுதல் எடையுடன் பிறந்ததை 1895-இல் வெளியிட்டார். விடுதியில் ஓய்வோடு உணவும் கிடைத்தது என்பதாலும், அங்கே தங்கியவர்களுக்கு மாதம் நிறைந்து பிரசவம் ஆனதாலும் அந்த வேறுபாடு முழுவதையும் ஓய்வின் கணக்கில் எழுதிவிட முடியாது. எனினும் ஏழைத் தாயின் குழந்தை சிறுத்துப் பிறப்பது விதியோ பரம்பரையோ மட்டும் அல்ல, தாயின் வேலைநாளை மாற்றினால் குழந்தையின் எடையும் மாறக்கூடும் என்ற எண்ணம் அப்போதுதான் அறிவியலுக்குள் நுழைந்தது. பிரான்சில் 1909-லும் 1913-லும் வந்த பேறுகாலச் சட்டங்களுக்கும், 1919-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் மாநாட்டிலேயே நிறைவேற்றிய பேறுகாலப் பாதுகாப்பு உடன்படிக்கைக்கும் பின்னணியில் இந்தச் சிந்தனை இருந்தது.

உடலுக்குள் நடப்பது

கடும் உழைப்பு கருவை எட்டும் வழிகள் பல. அவற்றுள் முதன்மையானது ரத்த ஓட்டம். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. கருவையும் கருப்பைச் சுவரையும் இணைக்கும் தற்காலிக உறுப்பான நச்சுக்கொடி இந்த ரத்தத்திலிருந்துதான் ஆக்சிஜனையும் குளுக்கோஸையும் எடுத்துக் கருவுக்கு அனுப்புகிறது. கைகால்கள் கடுமையாக உழைக்கும்போது தசைகள் கூடுதல் ரத்தத்தைக் கேட்கின்றன. சூட்டை வியர்வையாக வெளியேற்ற வேண்டிய தோலும் கேட்கிறது. உள்ளே இருக்கும் ரத்தமோ அளவுபட்டது என்பதால், சம்பளம் உயராத வீட்டில் புதுச் செலவு வந்தால் வேறொரு செலவைச் சுருக்குவதுபோல, உடல் வயிற்றுப்பகுதி உறுப்புகளின் பங்கைக் குறைக்கிறது. நலமான பெண் சிறிது நேரம் உழைத்து ஓய்ந்தால், நச்சுக்கொடி கிடைத்த ரத்தத்திலிருந்தே கூடுதல் ஆக்சிஜனைப் பிரித்தெடுத்து அந்த இழப்பை ஈடுசெய்துவிடும். எட்டு மணி நேரமும் இடைவேளையின்றி, வாரத்தில் ஆறு நாளும் இது தொடரும்போது அந்த ஈடுசெய்யும் திறன் களைத்துப்போகிறது.

உழைப்பும் மன அழுத்தமும் சுரக்கச் செய்யும் நார்அட்ரீனலின் என்ற இயக்குநீர் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதோடு கருப்பைத் தசையைச் சுருங்கவும் தூண்டுகிறது. குறைமாத வலிக்கு இது ஒரு வழியாகக் கருதப்படுகிறது. அசையாமல் நெடுநேரம் நிற்பவரின் கால் சிரைகளில் ரத்தம் தேங்கி, இதயத்துக்குத் திரும்பும் அளவு குறைகிறது. வளர்ந்த கருப்பை இடுப்புப் பகுதிச் சிரைகளை அழுத்துவதால் இந்தத் தேக்கம் இன்னும் கூடுகிறது. குனிந்து பாரம் தூக்கும்போது வயிற்றறையின் உள்ளழுத்தம் உயர்கிறது. மூட்டுகளைப் பிணைக்கும் நார்கள் நெகிழ்ந்து, உடலின் எடைமையம் முன்னோக்கி நகர்ந்துவிட்ட காலத்தில் சாரப்பலகையில் ஏறி இறங்கும் பெண்ணுக்குத் தவறி விழும் ஆபத்தும் உண்டு.

பசியோடு சேரும் உழைப்பு

இவை எல்லாவற்றையும்விட வறிய நாடுகளில் கனமாக விழுவது உணவுக் கணக்கு. கர்ப்பத்தின் பிற்பகுதியில் நாளொன்றுக்கு 350 கிலோகலோரி அளவுக்குக் கூடுதல் உணவு தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைக்கிறது. உழைப்பு குறையாமலும் உணவு கூடாமலும் இருக்கும் வீட்டில் அந்தக் கூடுதல் எங்கிருந்து வரும் என்பதே கேள்வி. எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் தஃபாரியும் அவருடைய குழுவினரும் 1980-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடியாக விடை தேடியது: ஒரேபோலக் குறைந்த உணவு உண்ட பெண்களில், கடும் உடலுழைப்பில் இருந்தவர்களின் கர்ப்பகால எடையேற்றமும் குழந்தைகளின் எடையும் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தன.

மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் இந்தக் கணக்கு பருவங்களோடு பின்னிக் கிடக்கிறது. அங்கே ஜூன் முதல் அக்டோபர் வரையான மழைக்காலத்தில் குதிரில் தானியம் தீர்ந்துபோயிருக்கும். நிலக்கடலைத் தோட்டத்திலும் நெல்வயலிலும் வேலை உச்சத்தில் இருக்கும். அந்த வேலையில் பெரும்பங்கு பெண்களுடையது. மக்கள் பசிக்காலம் என்று சொல்லும் அந்த மாதங்களில் பிறக்கும் குழந்தைகள் சிறுத்துப் பிறந்தன. கெனெபா என்ற சிற்றூரை மையமாகக் கொண்டு இயங்கிய பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழு, 28 ஊர்களில் ஐந்தாண்டு காலம் கர்ப்பிணிகளுக்கு நிலக்கடலை பிஸ்கட் கொடுத்து, நாளொன்றுக்கு ஏறக்குறைய ஆயிரம் கிலோகலோரி கூடுதலாகச் சேருமாறு செய்தது. 1997-இல் வெளியான முடிவுகளின்படி, பிறப்பு எடை சராசரியாக 136 கிராம் உயர்ந்தது. அறுவடைக்காலத்தில் 94 கிராம் மட்டுமே உயர்ந்த எடை பசிக்காலத்தில் 201 கிராம் உயர்ந்தது என்பதைத்தான் கூர்ந்து கவனிக்க வேண்டும். இறந்து பிறப்பதும் முதல் வாரத்தில் இறப்பதும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. அந்தப் பெண்களின் வேலை சிறிதும் குறைக்கப்படவில்லை; வேலை பறித்துக்கொண்டதில் ஒரு பகுதியை உணவு திருப்பிக் கொடுத்தது.

இந்தியாவிலிருந்து கிடைத்த சான்றுகளில் மிகவும் பொருட்படுத்தத் தக்கது புனே தாய்மை ஊட்டச்சத்து ஆய்வு. மகாராஷ்டிரத்தில் புனே நகருக்கு அருகிலுள்ள ஆறு கிராமங்களில் விவசாயக் குடும்பப் பெண்களின் அன்றாட வேலைகளை, வயல்வேலை முதல் கிணற்றுநீர் சுமப்பது வரை, கேட்டுக் குறித்துக்கொண்டு குழந்தைகளின் அளவுகளோடு ஒப்பிட்ட ஆய்வாளர்கள், வேலைச்சுமை கூடக்கூடக் குழந்தையின் எடையும் தலைச்சுற்றளவும் மேல்கைச் சுற்றளவும் குறைவதை 2003-இல் எழுதினர். இந்தத் தொடர்பு கர்ப்பத்தின் 18-ஆவது வாரத்திலும் 28-ஆவது வாரத்திலும் செய்த வேலையிலேயே தென்பட்டது. நிறைமாதம் இன்னும் நெருங்காத, வீட்டாரும் மேஸ்திரியும் பொருட்படுத்தாத மாதங்களின் வேலை குழந்தையின் அளவில் பதிந்துவிடுகிறது என்பது இதன் பொருள்.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

தொழில்வளம் மிக்க நாடுகளில் கிடைத்த அளவுகள் இவ்வளவு கூர்மையாக இல்லை. 29 ஆய்வுகளில் இடம்பெற்ற ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் தரவுகளைத் தொகுத்து 2000-இல் மொஸுர்க்கெவிச் குழுவினர் வெளியிட்ட பகுப்பாய்வில், கடும் உடலுழைப்பு குறைமாதப் பிறப்பின் வாய்ப்பை 22 விழுக்காடும், கருவளர்ச்சிக் குறைவின் வாய்ப்பை 37 விழுக்காடும், கர்ப்பகால உயர் ரத்த அழுத்தத்தின் வாய்ப்பை 60 விழுக்காடும் கூட்டுவதாகக் கணக்கிடப்பட்டது. நூறு பெண்களில் பத்துப் பேருக்குக் குறைமாதத்தில் பிரசவமாகும் ஓரிடத்தில் அது பன்னிரண்டு பேராகும் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். 2020-இல் வெளியான இன்னொரு விரிவான தொகுப்பு, ஒரு நாளில் தூக்கும் மொத்தச் சுமை நூறு கிலோவை எட்டும்போது குறைமாதப் பிறப்பின் வாய்ப்பு ஏறக்குறைய 31 விழுக்காடும் எடைக்குறைவின் வாய்ப்பு இருமடங்காகவும் உயர்வதாகக் கண்டது.

சில ஆய்வாளர்கள் இந்த எண்களை ஐயத்தோடு பார்க்கின்றனர். கடும் வேலை செய்பவர் ஏழையாகவும், ரத்தசோகை உள்ளவராகவும், இளவயதினராகவும் இருப்பதால் எந்தக் காரணம் எவ்வளவு பங்களித்தது என்று பிரிப்பது கடினம் என்று அவர்கள் சொல்வது நியாயமானது. ஆனால் எதிர்த்திசையிலும் ஒரு பிழை உண்டு. உடல் ஒத்துழைக்காத பெண்கள் இடையிலேயே வேலையை விட்டுவிடுவதால், கடைசிவரை வேலையில் நிற்பவர்கள் இயல்பாகவே வலுவானவர்களாக இருப்பார்கள். ஆகவே ஆய்வில் வேலையின் தீங்கு உண்மையைவிடச் சிறிதாகத் தெரியும். மேலும் இந்த எண்களில் பெரும்பாலானவை நல்ல உணவும் மருத்துவமும் கிடைக்கும் நாட்டுப் பெண்களிடமிருந்து வந்தவை. அவற்றை எடுத்துக்காட்டி, செங்கல் சூளைப் பெண்ணுக்கும் ஆபத்து சிறிதுதான் என்று முடிவுகட்டுவது தவறு.

கூலி வேலையை மட்டும் எண்ணி வீட்டு வேலையை விட்டுவிடுவதும் இன்னொரு குறை. வழக்கத்தில் உள்ள ஒரு பிளாஸ்டிக் குடத்தில் ஏறக்குறைய 15 லிட்டர் நீர் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், லாரித் தண்ணீரையோ தெருக்குழாயையோ நம்பியிருக்கும் வீட்டுக்கு ஏழு குடம் சுமக்கும் பெண் வேலைக்குக் கிளம்பும் முன்பே நூறு கிலோவைத் தாண்டிவிடுகிறார். அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு, சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வகுத்த பரிந்துரைகள், கர்ப்பத்தின் பாதிக்காலத்துக்குப் பிறகு எப்போதாவது தூக்கும் பாரம் 12 கிலோவுக்குள்ளும், நாள் முழுவதும் திரும்பத் திரும்பத் தூக்கும் பாரம் 6 கிலோவுக்குள்ளும் இருக்க வேண்டும் என்கின்றன. நிறைகுடம் ஒன்றே இந்த இரண்டு வரம்புகளையும் மீறியது.

குனிந்து நிமிர்ந்து வேலை செய்தால்தான் சுகப்பிரசவம் ஆகும் என்ற நம்பிக்கை தமிழகக் குடும்பங்களில் ஆழமாக வேரூன்றியது. அதில் பாதி உண்மை இருக்கிறது. சிக்கலற்ற கர்ப்பத்தில் வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி நல்லது என்று உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. படுக்கையிலேயே கிடப்பது குறைமாதப் பிறப்பைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை, கால் சிரைகளில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். ஆனால் அரைமணி நேரம் நடந்துவிட்டு, மூச்சு வாங்கினால் நின்று, தாகம் எடுத்தால் குடித்து, பசித்தால் உண்ணும் பெண்ணின் உடற்பயிற்சியையும், மேஸ்திரி சொல்லும் வரை நிறுத்த முடியாத பெண்ணின் சுமையையும் ஒரே பெயரால் அழைக்க முடியாது. நினைத்தபோது நிறுத்தும் உரிமை இருக்கிறதா என்பதே இரண்டையும் பிரிக்கும் கோடு.

அந்த உரிமையைக் கூலிமுறையே பறித்துவிடுகிறது. சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்ற கணக்கிலும், பெற்ற முன்பணத்தைக் கழிக்கும் கட்டாயத்திலும் வேலை நடக்கிறது. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் மலையகத் தமிழ்ப் பெண்கள் குறித்த கிலோ கொழுந்து பறித்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் கூலி, விழும்; குறைந்தால் அரைப்பேர்தான். இப்படிப்பட்ட முறையில் ஓய்வெடுக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விலையைக் கர்ப்பிணியே செலுத்துகிறார். 1939-லேயே பேறுகாலப் படிச் சட்டம் வந்த அந்த நாட்டில், எடைக்குறைவாகப் பிறக்கும் குழந்தைகளின் பங்கு நகரத்தையும் கிராமத்தையும்விடத் தோட்டப்பகுதியில் அதிகமாகவே இருந்து வந்திருக்கிறது.

வெயில்

உழைக்கும் தசை தானே சூட்டை உண்டாக்குகிறது. வெளியே காய்ந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. சென்னையிலுள்ள ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து 2024-இல் வெளியிட்ட ஆய்வு, இந்த வகையில் மிக முக்கியமானது. காற்றின் சூடு, ஈரப்பதம், வெயிலின் கதிர்வீச்சு, காற்றோட்டம் நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் ஈரக்குமிழ்க் கோள வெப்பநிலை என்ற அளவைக் கொண்டு வேலையிடங்களை அளந்தபோது, பாதிக்குச் சற்றே குறைவான பெண்கள் வரம்பு மீறிய வெப்பத்தில் வேலை செய்தது தெரிந்தது. வயல், சூளை, உப்பளம் போன்ற இடங்களில் அப்படி வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவின் ஆபத்து இருமடங்காக இருந்தது. காம்பியாவின் மேற்குக் கியாங் பகுதியில் வயலில் உழைத்துக்கொண்டிருந்த 92 கர்ப்பிணிகளை அங்கேயே பரிசோதித்து 2022-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. வெப்பச்சுமை ஒரு டிகிரி செல்சியஸ் உயரும்போதெல்லாம், கருவின் இதயத்துடிப்பு மாறுவதோ தொப்புள்கொடி ரத்த ஓட்டம் குறைவதோ நிகழும் வாய்ப்பு 17 விழுக்காடு அளவுக்குக் கூடியது. தாய் களைப்பை உணரும் முன்பே கரு திணறத் தொடங்கலாம் என்ற அச்சத்துக்கு இது வலுச் சேர்க்கிறது.

சட்டம் வரும் காலம்

இந்தியாவில் பேறுகாலச் சட்டம் 1929-இல் பம்பாய் மாகாணத்தில் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு அந்த மாகாணச் சட்டமன்றத்தில் அம்பேத்கர் அந்த மசோதாவை ஆதரித்துப் பேசினார். நாடு முழுமைக்குமான 1961-ஆம் ஆண்டுச் சட்டம், 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் 26 வாரம் வரை சம்பள விடுப்பைத் தந்தது; 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் அதையே தருகிறது. கடின வேலையையும் நெடுநேரம் நிற்பதையும் பற்றி அதில் ஒரு விதி உண்டு: பிரசவ நாளுக்கு ஆறு வாரத்துக்கு முந்தைய ஒரு மாத காலத்தில், பெண் கேட்டுக்கொண்டால், அத்தகைய வேலையை அவருக்குக் கொடுக்கக் கூடாது. கணக்குப் பார்த்தால் இந்தப் பாதுகாப்பு ஏறக்குறைய 30-ஆவது வாரத்தில்தான் தொடங்குகிறது. புனே ஆய்வு சுட்டியதோ 18-ஆவது வாரத்தையும் 28-ஆவது வாரத்தையும். கருச்சிதைவு நடக்கும் மாதங்களோ அதற்கும் முந்தியவை. அதோடு, கேட்டுக்கொண்டால் என்ற நிபந்தனை, கேட்டால் வேலையே போய்விடும் என்று அஞ்சும் பெண்ணுக்கு எதையும் தருவதில்லை. நாட்டின் பெண் தொழிலாளர்களில் பத்தில் ஒன்பது பேர் முறைசாரா வேலைகளில் இருப்பதால், இந்தச் சட்டம் நடைமுறையில் அவர்களை எட்டுவதுமில்லை.

வேறு வழி உண்டு என்பதற்குக் கனடாவின் கியூபெக் மாகாணம் சான்று. அங்கே 1981 முதல், வேலை தனக்கோ கருவுக்கோ ஆபத்தானது என்று மருத்துவச் சான்று பெறும் பெண்ணுக்கு நிறுவனம் பாதுகாப்பான வேலை தர வேண்டும். தர இயலாவிட்டால் அவர் வீட்டிலிருந்தபடி நிகர வருமானத்தில் 90 விழுக்காட்டைப் பெறலாம். இந்த ஏற்பாட்டை ஆராய்ந்த குரோட்டோ குழுவினர், ஆபத்தான வேலைச் சூழல் 24-ஆவது வாரத்துக்கு முன்பே நீக்கப்பட்டால் குறைமாதப் பிறப்பின் ஆபத்து மற்றப் பெண்களின் அளவுக்கு அருகில் இறங்கிவிடுகிறது என்று கண்டனர். காலமறிந்து செய்தால் பலன் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தமிழ்நாடு இந்தத் திசையில் இரண்டு நல்ல அடிகளை எடுத்து வைத்திருக்கிறது. கேரளத்தைத் தொடர்ந்து 2021-இல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, விற்பனை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று விதித்தது. நெடுநேரம் நிற்பது கருவைப் பாதிக்கும் என்ற சான்றுகளோடு வைத்துப் பார்த்தால், அந்த நாற்காலி ஒரு மருத்துவத் தடுப்பு நடவடிக்கையும் ஆகும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் வழியாகப் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்பிலான உதவியை வறிய பெண்களுக்கு வழங்குகிறது. மத்திய அரசின் மாத்ரு வந்தனா திட்டம் முதல் குழந்தைக்குத் தரும் 5,000 ரூபாயைப்போல இது மூன்று மடங்குக்கும் மேல். ஆயினும் ஒரு சித்தாளின் நாள்கூலியால் வகுத்தால் இந்தத் தொகை ஓரிரு மாத வேலைநாள்களுக்கே ஈடாகும். அதிலும் ஒரு பகுதி பிரசவத்துக்குப் பிறகே கைக்கு வருகிறது. சுமையை இறக்கி வைப்பதற்கான பணம், சுமை இன்னும் தலையில் இருக்கும்போதே வர வேண்டும்.

ஆகவே மூன்று மாற்றங்களை அரசு தாமதமின்றிச் செய்ய வேண்டும். பன்னிரண்டு வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போதே, என்ன வேலை, எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள், எவ்வளவு எடை தூக்குகிறீர்கள், வெயிலில் எவ்வளவு நேரம் என்று கிராம சுகாதாரச் செவிலியர் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். கடும் வேலை செய்பவர் என்று தெரிந்தால் நிதியுதவியின் பெரும்பகுதியை நான்காம், ஐந்தாம் மாதங்களிலேயே கொடுத்துவிட வேண்டும். கடின வேலைக்கான சட்டத் தடை, பெண் கேட்டாலும் கேட்காவிட்டாலும், 30-ஆவது வாரத்திலிருந்து கர்ப்பம் உறுதியான நாளுக்கு முன்னகர வேண்டும். வீட்டிலுள்ளவர்கள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை: கருவுற்ற பெண் இருக்கும் வீட்டில் தண்ணீர்க் குடத்தை இன்றிலிருந்து வேறொருவர் தூக்கட்டும்.